மாதிரிப் படத்துக்கு அடியில் ஒரு பெயர்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. லித்தோக் கல், தீப்பெட்டி லேபிள், சாமி காலண்டர் என்று பழங்கதை பேசிக்கொண்டிருப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. 38 வருஷம் சிவகாசி அச்சகங்களில் ஓவியர் அறையில் உட்கார்ந்தவன் நான். எங்கள் அறையில் நடந்த அதே வழக்குத்தான் இப்போது ஏசி அறையில், பெரிய திரைக்கு முன்னால் நடக்கிறது. அதனால் எனக்கு வாய் உண்டு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்குகிறவர்கள், தங்கள் திட்ட ஆவணத்தில் இன்னொருவர் வரைந்த படத்தை, எடுத்த போட்டோவை 'மாதிரி' என்று ஒட்டிக்கொள்ளட்டும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் படத்துக்கு அடியில் யார் வரைந்தது என்று எழுத வேண்டும். எழுதாமல் ஒட்டுவது தப்பு. எழுதியிருந்த பெயரை அழிக்கச் சொல்வது அதைவிடப் பெரிய தப்பு. இந்த இரண்டாவது வகைத் தப்பு நடந்ததைக் கேட்டதால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

திட்ட ஆவணம் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். 'கேம் டிசைன் டாக்குமென்ட்' என்கிறார்கள். வீடு கட்டுமுன் பிளானும் எஸ்டிமேட்டும் போடுகிறோம், சினிமா எடுக்குமுன் கதை வசனம் எழுதுகிறோம், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எப்படியோ அப்படி. விளையாட்டின் கதை என்ன, ஆடுகிறவன் என்ன செய்ய வேண்டும், எத்தனை கட்டம், பகைவன் எப்படி இருப்பான், கோட்டை எந்தக் காலத்துக் கோட்டை, வானம் என்ன நிறம், எல்லாம் அதில் இருக்கும். எழுத்தில் சொல்லி மாளாது என்பதால் நடுநடுவே படங்களை ஒட்டுவார்கள். பக்கம் பக்கமாகப் படம் மட்டுமே ஒட்டி 'மூட் போர்டு' என்றும் வைப்பார்கள். அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன? இணையத்திலிருந்து. யாருடையவை? அதைத்தான் கேட்கக்கூடாதாம்.

என் பேத்தி ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலையில் இருக்கிறாள். கம்பெனியின் பெயரும் ஊரும் வேண்டாம். வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனிகள் வேலையைப் பிரித்துக் கொடுக்க, இங்கே வாங்கிச் செய்து கொடுக்கிற இடம். ஆவணத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. காட்டக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவளும் சொல் தவறாதவள். நடந்ததை மட்டும் சொன்னாள். புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. ஆவணத்தில் நிறையப் படங்கள், ஒன்றின் அடியிலும் பெயர் இல்லை. அதில் ஒரு பெண் போர்வீரரின் படத்தைக் காட்டி, இதே மாதிரி, ஆனால் கொஞ்சம் மாற்றி என்று அவளுக்கு உத்தரவு. அவள் அந்தப் படத்தை இணையத்தில் திருப்பித் தேடியிருக்கிறாள். படத்தைக் கொடுத்தால் அது முதலில் எங்கே வந்தது என்று தேடித் தருகிற வசதி இப்போது இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. வேறு தேசத்தில், தன் படங்களை அச்சுப் போட்டு விற்றுப் பிழைக்கிற ஓர் ஓவியருடையது. இவள் உட்கார்ந்து, தேடிக் கிடைத்த பெயர்களையெல்லாம் படங்களுக்கு அடியில் சிறிய எழுத்தில் எழுதி வைத்தாள். மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, "இதை எடுத்துடு. கிளையன்ட் பார்த்தா, நமக்குன்னு சொந்தமா யோசனையே இல்லைன்னு நினைப்பாங்க" என்றாராம்.

எடுத்துவிட்டாள். வேலை வேண்டுமே.

"தாத்தா, இது வெறும் ரெஃபரன்ஸ்தான், உள்ளுக்குள்ளேயே இருக்கும், வெளிய போகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அட்டையில 'இந்த ஆவணம் எங்கள் கம்பெனியின் சொத்து, அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக்கூடாது'ன்னு போட்டிருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் வீட்டுத் தேங்காயை உடைத்துத் துருவி வைத்துவிட்டு, கிண்ணத்தில் தன் பெயரை வெட்டி வைத்தது போல இருக்கிறது.

இதற்கு அவர்கள் சொல்கிற நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளுக்குள் இருக்கிற காகிதம், வெளியே போகாது என்பது முதல் நியாயம். இதைவிடப் பொய்யான ஒரு வார்த்தை அந்தத் தொழிலில் இல்லை. 2020 நவம்பரில் ஜப்பானின் கேப்காம் கம்பெனியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்து உள் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் இன்சோம்னியாக் கம்பெனிக்கு அதே கதி, 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். 2024 அக்டோபரில் போகிமான் விளையாட்டைச் செய்கிற கேம் ஃப்ரீக் கம்பெனியின் பழைய உள் ஆவணங்கள் சந்திக்கு வந்தன. திருட்டு வேண்டாம், நல்ல முறையிலும் வெளியே வரும். 'டயாப்லோ' என்ற புகழ்பெற்ற விளையாட்டுக்காக 1994இல் எழுதிய திட்ட ஆவணத்தை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் 2016இல் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டார். 22 வருஷம் கழித்து. சாமானியமாகப் பார்த்தாலும், அந்தக் காகிதம் எழுதியவர் மேஜையிலேயே கிடக்கிறதா என்ன? பணம் போடுகிறவருக்குப் போகிறது, விற்கிறவருக்குப் போகிறது, கடல் கடந்து என் பேத்தி போன்ற பிள்ளைகளின் மேஜைக்கு வருகிறது. இத்தனை கை மாறுகிற காகிதத்தை உள்காகிதம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது நியாயம், மாதிரி வேறு, கடைசியில் வருகிற படம் வேறு என்பது. காதுக்கு நன்றாக இருக்கிறது. நடப்பது என்ன என்பதைப் பொது வெளியில் உள்ள சங்கதிகளைக் கொண்டே சொல்கிறேன்.

ஜூடி ஜூராசெக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1996இல் 'சர்ஃபேசஸ்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். சுவர், உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த இரும்பு, பளிங்கு, மரம் என்று மேற்பரப்புகளின் போட்டோக்கள் மட்டுமே. ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் மேடை அமைப்பவர்களும் பார்த்துப் பழக வேண்டும் என்பதற்காகச் செய்தது, கூடவே ஒரு குறுந்தகடு. அதாவது மாதிரிக்கென்றே எடுத்த படங்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். 2021இல் அவர் கேப்காம் மீது வழக்குப் போட்டார். தன்னுடைய 80 போட்டோக்களாவது அவர்கள் விளையாட்டுகளில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் அப்படியே இருக்கின்றன என்றார். 2005இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' விளையாட்டின் பெயர்ப் பலகையில் தெரிகிற உடைந்த கண்ணாடி, தான் எடுத்த உடைந்த கண்ணாடியேதான் என்றார். சொன்னதோடு விடவில்லை. மேலே சொன்ன 2020 திருட்டில் கொட்டிய கோப்புகளுக்குள் ஒரு படத்தின் கோப்புப் பெயரும், தன் குறுந்தகட்டில் இருந்த கோப்புப் பெயரும் ஒன்றாகவே இருப்பதைக் காட்டினார். பெயரைக்கூட மாற்றவில்லை! 2022இல் இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டார்கள். என்ன கொடுத்தார்கள், வாங்கினார்கள் என்பது அவர்கள் பாடு. நான் கவனிப்பது வேறு. ஒரு கோப்பு, மாதிரி என்ற பெயரில் உள்ளே வந்தால், அடுத்த மேஜைக்காரனுக்கு அது யாருடையது என்று தெரியாது. அவன் அதை நம் சரக்கு என்றே நினைப்பான். அடியில் பெயர் இருந்திருந்தால் ஒருவனாவது நின்று யோசித்திருப்பான்.

யோசிக்க வாய்ப்பில்லாமல் போவது எப்படி என்பதற்கு இன்னொன்று. 'டெஸ்டினி 2' என்ற விளையாட்டில் 2023இல் வந்த ஒரு காட்சி, ரசிகர் ஒருவர் வரைந்து வெளியிட்டிருந்த படத்தைப் போலவே இருந்தது. கேள்வி எழுந்ததும் பங்கி கம்பெனி விளக்கம் கொடுத்தது. காட்சியைச் செய்து கொடுத்த வெளி நிறுவனம், அந்தப் படம் பங்கியின் சொந்தப் படம் என்று நினைத்து மாதிரியாக வைத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். நினைத்துவிட்டார்களாம். பெயரில்லாத படத்தை வேறு எப்படி நினைப்பார்கள்? அத்தோடு முடிந்ததா? 2025 மே மாதம் அதே கம்பெனியின் 'மாரத்தான்' விளையாட்டின் சோதனைப் பதிப்பில், தன் பழைய போஸ்டர்களில் இருந்த குறிகளும் எழுத்துகளும் இருப்பதாக ஒரு வெளி ஓவியர் படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். கம்பெனி விசாரித்து ஒப்புக்கொண்டது. முன்பு வேலை பார்த்த ஓர் ஓவியர் அவற்றைத் தாளில் சேர்த்துவிட்டார், அது விளையாட்டுக்குள் போய்விட்டது என்று.

இந்தக் கடைசி வாக்கியத்தை என் பேத்தியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பழி எங்கே போய் விழுகிறது பார். திட்டம் போட்டவர் மேல் இல்லை, 'இதே மாதிரி' என்று சொன்னவர் மேல் இல்லை. தாளில் சேர்த்த ஓவியர் மேல். உன்னிடம் பெயரை அழிக்கச் சொன்ன அந்த மேலதிகாரி, நாளைக்கு ஒரு சங்கடம் வந்தால், அழிக்கச் சொன்னது நான்தான் என்று எழுந்து நிற்பாரா? வேலை வாங்குகிற கம்பெனி, 'நாங்கள் கொடுப்பதெல்லாம் எங்கள் சொந்தக் கற்பனை' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும். அந்தக் கையெழுத்தின் கனம் கடைசியில் வரைந்த கையின் மேல்தான் வந்து இறங்கும். ஆகவே பெயர் எழுதுவது, தூரதேசத்து ஓவியருக்குச் செய்கிற தர்மம் மட்டும் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற சம்பளக்காரப் பிள்ளைக்குக் காப்பு.

சரி, இவர் சொல்வதைப் பார்த்தால் யார் படத்தையும் பார்க்கவே கூடாது போலிருக்கிறதே என்பார்கள். அப்படிச் சொன்னால் எங்கள் தொழிலே இல்லை. எங்கள் ஓவியர் அறையில் மரப் பெட்டியில் 'மாடல்' கட்டுகள் இருக்கும். ரவிவர்மா படங்கள், வடக்கத்திய காலண்டர்கள், இங்கிலீஷ் பத்திரிகைகளில் கத்தரித்த பூ, மான், குழந்தை, மலை, மேகம். சரஸ்வதிக்கு வீணை வரைய வேண்டுமென்றால் கட்டைப் பிரிப்போம். கை விரல் எங்கே தந்தியில் படுகிறது என்று பார்ப்போம். பார்க்காமல் வரைந்தால் வீணை அகப்பை மாதிரி வரும். எங்கள் பெரியவர் ஒருவர் இருந்தார், கோவில்பட்டியில் தொழில் படித்தவர். மாடல் படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்தால் கையைத் தட்டிவிடுவார். "பாரு, கவுத்து வை, பெறகு வரை" என்பார். பார்த்து, கவிழ்த்து வைத்து, பிறகு வரைவது. எடுத்தது மனசுக்குள் போய் உன் கை வழியாக வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

விளையாட்டு உலகத்திலும் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் சொல்ல வெட்கப்பட்டதும் இல்லை. 2001இல் வந்த 'ஈகோ' என்ற ஜப்பானிய விளையாட்டின் அட்டைப் படத்தை அதை உருவாக்கிய ஃபுமிட்டோ உயேடாவே வரைந்தார். நீண்ட நிழல், தனித்த கட்டடம், வெறிச்சோடிய வெளி. இத்தாலிய ஓவியர் ஜியார்ஜியோ தெ கிரிகோவைப் பார்த்து வந்தது அது என்பது ஊரறிந்த சங்கதி. அவருக்கு அதனால் குறைவு வந்ததா? 2014இல் லண்டனில் செய்த 'மானுமென்ட் வேலி', ஏறுகிற படி இறங்குகிற படியாகிற எஷரின் கண்கட்டு ஓவியங்களிலிருந்து பிறந்தது என்று செய்தவர்களே சொன்னார்கள். பேத்தி என் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தாள், நான் ஆடிய ஒரே விளையாட்டு அதுதான். நம் நாட்டில் புனேயில் செய்த 'ராஜி' 2020இல் வந்தது. ராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் பகாரிச் சிற்றோவியங்களையும் பார்த்து வரைந்தோம் என்று அவர்களும் பெருமையாகவே சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று சொன்னால் சொந்த யோசனை இல்லை என்று நினைப்பார்கள் என்கிற பயம் எவ்வளவு அற்பமானது என்பதற்கு இந்த மூன்றுமே போதும்.

சட்டமும் பார்ப்பதற்குத் தடை போடவில்லை. 1978இல் நம் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், கருத்துக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தன் நாடகத்தைத் திருடிச் சினிமா எடுத்துவிட்டார்கள் என்று நாடக ஆசிரியர் போட்ட வழக்கு அது. கரு ஒன்றாக இருந்தாலும் எடுத்த விதம் வேறு என்று சினிமாக்காரர் பக்கம் தீர்ப்பானது. 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விமரிசனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரளுகிற கம்பெனியின் வேலைக் காகிதத்தைச் சொந்த உபயோகம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நான் வக்கீல் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பின் உரிமையை விற்ற பிறகும் 'இது நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனுக்கே என்கிறது. அதைப் புரிந்துகொள்ள வக்கீல் படிப்பு வேண்டாம். டெல்லி விஞ்ஞான பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைக் கழற்றிக் கிட்டங்கியில் போட்டதற்காக அமர்நாத் சேகல் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு, 2005இல் ஜெயித்தது இந்தப் பிரிவைக் கொண்டுதான்.

மாதிரிக்குக்கூட விலையா என்று மூக்கில் விரல் வைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. 1981இல் லின் கோல்ட்ஸ்மித் என்ற போட்டோகிராபர், பிரின்ஸ் என்ற பாடகரைப் படம் எடுத்தார். 1984இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை அதை ஒரு ஓவியருக்கு மாதிரியாகக் கொடுக்க விரும்பியது. ஒரு தடவை உபயோகத்துக்கு 400 டாலர், போட்டோகிராபருக்குப் பெயரும் போட வேண்டும் என்று பேசி, எழுதி, கொடுத்தார்கள். அந்த ஓவியர் ஆண்டி வார்ஹால். உலகப் புகழ். அவருக்கே மாதிரி இனாம் இல்லை. வார்ஹால் ஒன்றுக்கு 16 செய்து வைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பிரின்ஸ் இறந்த 2016இல் அதில் இன்னொன்றை அட்டையில் போட, பத்திரிகை நிறுவனம் வார்ஹாலின் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தது. போட்டோ எடுத்தவருக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கு மேலே மேலே போய் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ந்தது. அறக்கட்டளை அந்தப் படத்தை அட்டைக்கு வாடகைக்கு விட்டதை நியாயமான உபயோகம் என்று சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு இதில் பிடித்தது தீர்ப்பைவிட அந்த 1984ஆம் வருஷக் காகிதம். மாதிரிக்கு என்று கேட்டு, காசு கொடுத்து, பெயரும் போட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. கணினி வந்ததும் படத்தை எடுப்பது சுலபமானது. சுலபமானதும் கேட்பது நின்றுபோனது.

என் சொந்தக் கதை ஒன்று. சுருக்கமாகவே சொல்கிறேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகு கோபமும் இல்லை. எண்பதுகளில் ஒரு பாலமுருகன் வரைந்தேன். மயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை தூங்குகிற மாதிரி. மயிலின் கண் மட்டும் விழித்திருக்கும். இந்த விழித்த கண் என் யோசனை. காவலுக்கு மயில் என்று. அந்த வருஷம் காலண்டர் நன்றாகப் போனது. இரண்டு தீபாவளி கழித்து இன்னொரு அச்சகத்தின் காலண்டரில் அதே குழந்தை, அதே மயில், அதே விழித்த கண். திசையை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள். கீழ் மூலையில் என் கையெழுத்து இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. விசாரித்தேன். வரைந்த பையன் கண்கலங்கிப் போய், "அண்ணே, எங்கிட்ட மூலை கிழிஞ்ச பேப்பரைத்தான் குடுத்தாங்க. யாரு வரைஞ்சதுன்னே தெரியாது" என்றான். நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். மூலையைக் கிழித்தவன் வேறு, வரைந்தவன் வேறு. என் வழக்கு மூலையைக் கிழிக்கிறவர்களோடுதான்.

லேபிள் விஷயம் இன்னும் மோசம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் படத்தைப் பார்த்துத்தான் தீப்பெட்டி வாங்குவார்கள். கிளி படம் போட்ட பெட்டி நன்றாகப் பற்றும் என்று பெயர் எடுத்தால், ஆறு மாதத்தில் பச்சைக் குருவி ஒன்று சந்தைக்கு வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் கிளிதான். வரைந்தவனுக்கு மட்டுமா நஷ்டம்? நமுத்த குச்சியை வாங்கிப்போன கிழவிக்கும்தான். லேபிள்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

எங்கள் ஊர்க் காரியத்தில் நல்லதும் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜு அவர்கள் 1976 வரை இருந்தார். அவருடைய சாமி படங்கள் வீட்டுக்கு வீடு பூஜையறையில் தொங்கின. அவற்றில் பலவற்றில் அவர் பெயரோடு சீடர் சுப்பையா அவர்களின் பெயரும் சேர்ந்தே இருக்கும். குருவின் பெயர் ஒன்றே போதும் விற்பதற்கு. அப்படியும் கூட வேலை செய்தவரின் பெயரையும் போட்டார்கள். பழைய படம் வீட்டில் இருந்தால் இன்று சாயங்காலம் எடுத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கீழே பாருங்கள்.

பெயர் எழுதுவதில் வேலைக்கும் லாபம் உண்டு என்பதை யாரும் யோசிப்பதில்லை. பேத்தி கல்லூரியில் செய்த ஒரு திட்ட ஆவணத்தை எனக்குக் காட்டினாள், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் ஆறு படம். ஒரு கோட்டை, ஒரு காடு, ஒரு விளக்கு, இப்படி. "இதுல நான் எதைப் பாக்கணும்மா? கோட்டையையா, அது மேல விழுற வெயிலையா, கல்லோட நிறத்தையா?" என்று கேட்டேன். யோசித்து, "வெயிலைத்தான் தாத்தா" என்றாள். அதை எழுதவில்லையே! எழுதாவிட்டால் வரைகிறவன் கோட்டையை வரைந்து வைப்பான். பிறகு, நகல் அடித்துவிட்டான் என்று அவனையே திட்டுவார்கள். ஆகவே ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் இரண்டு வரி போதும். யார் வரைந்தது, எங்கே இருந்தது என்று ஒரு வரி. இதிலிருந்து எதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று இன்னொரு வரி. 'வெயில் விழும் கோணம் மட்டும், கோட்டை வேண்டாம்' என்று எழுதிவிட்டால் வரைகிறவருக்கு வேலை பாதி முடிந்தது. யார் என்று எத்தனை தேடியும் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதட்டும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே அடுத்த மேஜைக்காரன் ஜாக்கிரதையாக இருப்பான்.

ஒரே ஓவியரின் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன என்று வையுங்கள். பெயர் எழுதினால் அது உடனே கண்ணில் படும். அப்போது அந்த ஓவியரையே கூப்பிட்டு வேலை கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். பெயரை அழிக்கச் சொல்கிறவர்களுக்கு உள்ளூரப் பயம் இந்தக் கேள்வியைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது இயந்திரத்திடம் சொல்லி வரைந்து வாங்கி ஒட்டுகிறார்களாம், அதில் யார் பெயரும் எழுத வேண்டியதில்லை என்று சந்தோஷப்படுகிறார்களாம். எத்தனை பேர் படத்தைப் பார்த்து அந்த இயந்திரம் படித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மூலையைக் கிழித்தது போய், எல்லா மூலைகளையும் மொத்தமாகக் கிழித்தாயிற்று. அதைப் பற்றி எழுத என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது நேரமில்லை, இடமில்லை என்கிற நியாயங்கள். என் பேத்திக்குத் தேட ஐந்து நிமிஷம் ஆனது. வருஷக்கணக்கில் செய்கிற விளையாட்டுக்கு ஐந்து நிமிஷம் இல்லையாம். இடமில்லை என்பதை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஒரு தீப்பெட்டி லேபிள் கட்டைவிரல் அகலம். அதற்குள் கிளியும் வைத்து, கம்பெனி பெயரும் வைத்து, ஊர் பெயரும் வைத்து, குச்சி எத்தனை என்ற கணக்கும் வைத்து, எல்லாம் படிக்கும்படி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கையால் எழுதியவர்கள் நாங்கள்.